இரண்டு முறை ஏறி இறங்கும் வீடு

மதிப்பிற்குரிய ஐயா,

பினாங்கு சுங்கை ஆராவில் ஓர் அடுக்குமாடியின் 11ஆவது மாடியில் குடியிருக்கிறேன். புதிய மென்பொருள்களை நிறுவிப் பார்ப்பது, கையடக்கக் கருவிகள் வாங்குவது, இரவு உட்கார்ந்து இயற்பியல் படிப்பது ஆகிய மூன்றும்தான் என் ஓய்வு நேரம். மூன்றும் என்னை மூன்று பக்கம் இழுக்கின்றன, ஒன்றிலும் உருப்படியாக எதையும் செய்யவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

சென்ற மாதம் காற்றழுத்தமானி உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். உயரத்தையும் காட்டும் கடிகாரம் அது. மேசைமேல் கழற்றி வைத்துவிட்டாலும் அந்த உயரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 9 நாள் குறித்துவைத்தேன். காலை 11 மணி வாக்கில் 29 மீட்டர், மாலை 5 மணிக்கு 60, இரவு 11 மணிக்கு 36, விடியற்காலை 5 மணிக்கு 50. சில மீட்டர் முன்பின் இருக்குமே தவிர, ஒவ்வொரு நாளும் இதே கதைதான். கடையில் கேட்டதற்கு, சென்சார் கெட்டுவிட்டது, கூடப் பணம் கட்டி வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் கைப்பேசியிலும் அழுத்தமானி இருக்கிறது. அதுவும் இதே ஆட்டம் ஆடுகிறது. இரண்டு கருவிகள் ஒரே மாதிரிக் கெடுமா? கடலின் ஏற்றவற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை பார்த்த என் அம்மா மட்டும், "சோதித்துப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார்கள், அவசரப்படாதே" என்கிறார். கடிகாரத்தை மாற்றட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பினாங்கு)

அன்புள்ள தம்பிக்கு,

கடிகாரத்தை மாற்றாதீர்கள். அம்மா சொன்னதுதான் சரி. அந்தச் சென்சார் தன் வேலையை மிக நேர்மையாகச் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் 9 நாள் குறிப்பை நான் மூன்று முறை படித்தேன். ஒரு கருவி சொல்வதை நம்பாமல், அதே நேரம் அதைத் தூக்கியும் எறியாமல், தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்த உங்கள் பொறுமை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

உங்கள் கடிகாரத்துக்கு உயரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்றின் அழுத்தம் ஒன்றுதான். உள்ளே சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு சில்லு இருக்கிறது. அதில் காற்று நீக்கி மூடிய ஒரு குழி, குழியின்மேல் மேளத்துக்குத் தோல் கட்டியதுபோல மெல்லிய சிலிக்கான் சவ்வு. வெளிக்காற்று அழுத்தினால் சவ்வு வளையும், வளைந்தால் அதன் மின் அளவுகள் மாறும். அந்த மாற்றத்தை அழுத்தமாகவும், அழுத்தத்தை உயரமாகவும் மென்பொருள் மாற்றிக் காட்டுகிறது. மேலே போகப் போகக் காற்று குறைகிறது, ஆகவே அழுத்தம் குறைந்தால் உயரம் கூடியிருக்க வேண்டும் என்று அது கணக்குப் போடுகிறது. மேசையில் இருக்கும்போதே அழுத்தம் குறைந்தால்? வீடு மேலே போய்விட்டதாகத்தான் அது சொல்லும்.

நம் பகுதியில் ஒரு மாடி ஏறினால், அதாவது 3 மீட்டருக்கு, அழுத்தம் சுமார் 0.34 மில்லிபார் (மில்லிபார் என்பது காற்றழுத்தத்தின் அலகு) குறையும். உங்கள் குறிப்பின்படி காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே 31 மீட்டர் வேறுபாடு. அது மூன்றரை மில்லிபாருக்குக் கொஞ்சம் கூட. நீங்கள் மின்தூக்கியில் பத்து மாடி ஏறினால் ஏற்படும் மாற்றம் அவ்வளவுதான். இதை எடையாகச் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும். உங்கள் மேசை ஒரு சதுர மீட்டர் என்று வையுங்கள். அதன்மேல் வானம்வரை நிற்கும் காற்றுத் தூணின் எடை காலை 11 மணிக்கு இருந்ததைவிட மாலை 5 மணிக்கு ஏறக்குறைய 35 கிலோ குறைந்திருக்கிறது. பத்து கிலோ அரிசி மூட்டை மூன்றரையை யாரோ எடுத்துப் போனதுபோல. இரவில் அதில் ஒரு பங்கைத் திருப்பி வைத்து, விடியலுக்குள் மறுபடி கொஞ்சம் எடுத்து, காலையில் முழுவதையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். தினமும்.

இதுதான் காற்றின் ஓதம். கடலுக்கு இருப்பதுபோல வளிமண்டலத்துக்கும் ஏற்றமும் வற்றமும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்ட கடல் தொடர்பு இதில் இல்லை. அதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். பத்து மவுங் படகுத்துறையில் நின்று பாருங்கள். கடல் ஏறும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஏனென்றால் அதைப் பெரும்பாலும் இழுப்பது நிலவு. உங்கள் குறிப்பில் 9 நாளும் அந்த 11 மணி நகரவே இல்லை. நிலவு ஆட்டி வைத்திருந்தால் 9 நாளில் ஏழரை மணி நேரம் நகர்ந்திருக்க வேண்டும். நகராமல் நிற்பதால், இது சூரியனின் வேலை. அதிலும் ஈர்ப்பால் நடப்பதன்று, வெப்பத்தால் நடப்பது.

பகலில் சூரிய ஒளியைக் காற்று இரண்டு இடங்களில் உறிஞ்சுகிறது. கீழே நீராவி அகச்சிவப்புக் கதிர்களை எடுத்துக்கொள்கிறது. மேலே, 30, 40, 50 கிலோமீட்டர் உயரத்தில், ஓசோன் புறஊதாக் கதிர்களை எடுத்துக்கொள்கிறது. சூடான காற்று விரிய, அந்த அசைவு பூமியைச் சுற்றி ஓர் அலையாக ஓடுகிறது. இங்கே நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சூரியன் ஒரு நாளைக்கு ஒரு முறைதானே வருகிறது? அழுத்தம் ஏன் இரண்டு முறை ஏறி இறங்குகிறது?

வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அதன் அடிப்படைச் சுரத்தோடு மேல் ஸ்தாயியும் சேர்ந்தே ஒலிக்கிறது. சூரிய வெப்பமும் அப்படித்தான். பகலில் மட்டும் அடித்து இரவில் நின்றுவிடுவதால், அதற்குள் 24 மணித் துடிப்போடு 12 மணித் துடிப்பும் அடங்கியிருக்கிறது. சரி, 24 மணித் துடிப்புதானே பெரியது, தரையில் ஏன் 12 மணித் துடிப்பு மேலோங்குகிறது? இந்தக் கேள்வி பெரிய மூளைகளையே நெடுங்காலம் அலைக்கழித்தது. வளிமண்டலத்தின் இயல்பான ஊசலே 12 மணிக்கு நெருக்கமாக இருக்கலாம், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோலச் சூரியன் தள்ளுகிறது என்று 1882இல் இயற்பியலாளர் கெல்வின் கருதினார். கேட்க அழகான விளக்கம். அரை நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராக்கெட்டுகள் மேலே போய் வெப்பநிலையை அளந்ததும் அது சரிந்தது. விடை 1960களில்தான் கிடைத்தது. சிட்னி சாப்மன், ரிச்சர்ட் லிண்ட்சன் போன்ற வளிமண்டல ஆய்வாளர்களின் கணக்குகள் காட்டியது இதுதான்: 24 மணி அலையின் பெரும்பகுதி மேலும் கீழும் நன்றாகப் பரவுவதில்லை, பரவும் பகுதியும் அடுக்கடுக்காக ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. 12 மணி அலை நெடிய அலை. ஓசோன் அடுக்கில் கிடைத்த தள்ளல் அப்படியே தரைவரை வந்து சேர்கிறது.

ஆக, உங்கள் மேசைமேல் இருக்கும் கடிகாரம் 50 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் சூடாவதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

அந்த 11 மணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றின் ஓதம் சூரிய நேரப்படி ஏறக்குறைய 10 மணிக்கு உச்சம் தொடும் என்பது எல்லா நாடுகளுக்கும் பொதுவான செய்தி. உங்களுக்கு ஏன் 11 தாண்டுகிறது? பினாங்கின் தலைக்குமேல் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரத்தில் மணி சுமார் 1.20 ஆகிவிடுகிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது. அன்று இரவு என் அப்பா நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நகர்த்தியது எனக்கு நினைவிருக்கிறது. நாம் முள்ளை நகர்த்தினோம், வானம் நகரவில்லை. அது உங்கள் குறிப்பில் அப்படியே பதிந்திருக்கிறது.

இந்த ஓதத்தைக் காண நம்மைப்போல் வாய்ப்புள்ளவர்கள் குறைவு. லண்டன்காரரின் கடிகாரத்திலும் இது இருக்கும், ஆனால் புயல் மண்டலங்கள் கடக்கும்போது அழுத்தம் இருபது முப்பது மில்லிபார் ஏறி இறங்குவதால் இது அதற்குள் புதைந்துவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த இரைச்சல் இல்லை. 1799 முதல் தென் அமெரிக்க வெப்பமண்டலத்தில் சுற்றிய ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், காற்றழுத்தமானியில் பாதரசத்தின் உயரத்தைப் பார்த்தே ஏறக்குறைய கால் மணி நேரத் துல்லியத்தில் மணி சொல்லிவிடலாம் என்று வியந்தார். நம் பக்கத்திலேயே இன்னொருவர் இருந்தார். 1840களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில், மெட்ராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த எலியட் என்ற அதிகாரியின் பொறுப்பில் காந்தப்புல ஆய்வுக்கூடம் ஒன்று நடந்தது. அங்கே எடுத்த அழுத்தக் குறிப்புகளிலிருந்து நிலவின் ஓதத்தையே பிரித்தெடுத்தார்கள். நிலவும் காற்றை இழுக்கிறது, ஆனால் ஒரு மில்லிபாரில் பத்தில் ஒரு பங்குகூட வராத இழுப்பு. எப்படிப் பிடித்தார்கள்? பல ஆண்டுக் குறிப்புகளைச் சூரிய மணிப்படி அடுக்காமல் நிலவின் மணிப்படி அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். மற்றவையெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, நிலவின் சுவடு மட்டும் மிஞ்சியது. கணினி இல்லை, கையெழுத்தும் கூட்டலும்தான்.

உங்கள் மூன்று விருப்பங்களும் மூன்று பக்கம் இழுப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு கேள்வியில் மூன்றும் கூடி உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். கருவி இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, மென்பொருளுக்கும் வேலை இருக்கிறது. அந்த வேலையைச் சொல்கிறேன்.

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலியைக் கைப்பேசியில் நிறுவுங்கள். கைப்பேசியின் உணரிகளைத் திறந்து, அளவுகளைக் கோப்பாக எடுக்கத் தரும். முதலில் மின்தூக்கியில் 11ஆவது மாடியிலிருந்து தரைவரை, ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, ஒரு முறை இறங்கிப் பதிவு செய்யுங்கள். படிக்கட்டுபோல வரைபடம் வரும். ஒரு மாடிக்கு 0.34 வருகிறதா என்று பாருங்கள், அதுதான் உங்கள் அளவுகோல். பிறகு கடிகாரத்தில் உயரத்தைத் தானாகத் திருத்தும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு, 30 நாள், மணிக்கு ஒரு முறை அழுத்தத்தைப் பதியவிடுங்கள். உயரத்தைப் பதிய வேண்டாம், அழுத்தம் போதும். விரிதாளில் ஒவ்வொரு நாளையும் ஒரு வரிசையாகவும் 24 மணியை 24 நெடுவரிசையாகவும் அடுக்கி, நெடுவரிசைகளின் சராசரியை வரையுங்கள். சிங்கப்பூரில் நிலவின் மணிப்படி செய்ததும் இதே மாதிரி அடுக்குதான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம். விமானிகள் தரையிறங்கும் முன் அங்குள்ள அழுத்தத்தைக் கேட்டுத்தான் தங்கள் உயரமானியைத் திருத்திக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் உங்கள் வீடு ஏறுவதுபோல அவர்களுக்கு ஓடுபாதையே ஏறி இறங்கும். மணிக்கு மணி வெளியாகும் அந்த அளவுகளோடு உங்கள் கோட்டை ஒப்பிடுங்கள். எண் சில மில்லிபார் விலகியிருந்தால் கவலை வேண்டாம், கோட்டின் வடிவம் ஒத்துப்போனால் போதும்.

வீட்டு வானிலைக் கருவி ஒன்று வாங்கும் எண்ணம் உங்களுக்கு வரும். இந்த 30 நாள் முடியும்வரை வாங்காதீர்கள். கையில் இருப்பதை முழுதாகக் கேட்டு முடித்தபின் எது தேவை என்று தெளிவாகத் தெரியும்.

சராசரி எடுக்கும்போது ஒழுங்கு மீறிய நாட்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தனியே வையுங்கள். விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்கும் சுமத்ராக் காற்றும் மழையும் வந்தால், கோடு சட்டென்று மேலே குதிக்கும். மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று கனமானது, அதன் எடை அது. எனக்கு வாய்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். 2022 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் என் பழைய கைப்பேசி வழக்கம்போலப் பதிந்துகொண்டிருந்தது. இரவு எட்டரை மணி வாக்கில், மழை இல்லாமல், காற்று இல்லாமல், கோட்டில் ஒரு சிறு மேடும் பள்ளமும். மறுநாள்தான் புரிந்தது. அதே ஜனவரி 15 நண்பகல் 12.15 வாக்கில், நம் நேரப்படி, டோங்கா தீவுப் பக்கம் கடலடி எரிமலை வெடித்திருந்தது. அந்த அழுத்த அலை ஏறக்குறைய ஒலியின் வேகத்தில் 9,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சமையலறை மேடையில் இருந்த என் கைப்பேசியைக் கடந்து போயிருக்கிறது. நான் அப்போது உள்ளே சர்க்கரைப் பொங்கலைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் நம் பெண்கள் பலர், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைத்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து அனுப்பினார்கள். உங்கள் கடிகாரத்தின் பின்மூடியைத் திறக்க நேர்ந்தால் அவருக்கும் ஒரு முறை காட்டுங்கள். அவர் பார்த்த சில்லுகளில் எந்த மாதிரிப் பழுது வந்தால் ஒதுக்கி வைப்பார்கள் என்று கேட்டு, 30 நாள் கோட்டோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டையும் அடுத்த கடிதத்தில் வெளியிட விரும்புகிறேன்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து