பிளீச்சையும் ஆசிட்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள்
உங்கள் அலுவலகத்தில் ஊழியர் பிளீச்சையும் கழிவறை ஆசிட்டையும் கலந்து தரையைத் துடைத்ததும் கண் எரிச்சல், இருமல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அந்தக் கலவைதான். பிளீச்சோடு கழிவறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலையே பாதிக்கும். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அதை அதிகம் சுவாசிப்பவர் துடைக்கும் ஊழியர்தான். அவருக்கு மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இனி முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்கட்டும். அழுக்கின் மேல் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. அப்புறம் கைப்பிடி, சுவிட்ச் போன்று பலர் தொடும் இடங்களுக்கு மட்டும் பிளீச் போதும். 5% பிளீச் என்றால் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, துணியில் நனைத்துத் தடவ வேண்டும், தெளிக்க வேண்டாம். லேபிளில் சொன்ன நேரம்வரை ஈரமாகவே இருக்கட்டும். பலரும் உடனே துடைத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் கிருமி சாகாது. மீந்த கரைசலை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.