எட்டு மாதக் குழந்தைக்கு ‘சென்சரி கிட்’ தேவையா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம் ஆகிறது. மூளை வளர்ச்சிக்கும் விரல் திறனுக்கும் நல்லது என்று ஆன்லைனில் 4,800 ரூபாய்க்கு ஒரு சென்சரி கிட் விற்கிறார்கள். ஃபிளாஷ் கார்டு, கொக்கி, தாழ்ப்பாள் பொருத்திய பிஸி போர்டு, வடிவம் பார்த்துப் போடும் பெட்டி, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் எல்லாம் அதில் உண்டு. மாமியாரோ வாக்கர் வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்? (ஒரு தாய், திருச்சி)

பதில்: இரண்டும் வேண்டாம்.

எட்டு மாதத்தில் குழந்தை பொருளை உள்ளங்கையால் வாரி எடுக்கும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும், பிறகு வாயில் வைக்கும். வாயால் தொட்டுப் பார்ப்பதும் அதற்குப் படிப்புதான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுப்பது ஒன்பது, பத்து மாதத்தில் தொடங்கி ஒரு வயதுக்குள் உறுதிப்படும். பிடித்ததை வேண்டுமென்றே விடுவது அதைவிடக் கடினம். ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கீழே போடும்போது உங்கள் மகள் அதைத்தான் பழகுவாள், திட்டாதீர்கள். கொக்கி, தாழ்ப்பாள் எல்லாம் இரண்டு வயதை ஒட்டிய வேலை. வடிவப் பெட்டிக்கும் ஒரு வயதாவது தாண்ட வேண்டும். இன்று காசு கொடுத்துவிட்டுப் பரணில் போட்டு வைப்பானேன்?

ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

இப்போதைக்கு எவர்சில்வர் தம்ளர், மூடியுள்ள டப்பா, மரக் கரண்டி, சொரசொரப்பான துண்டு, வழுவழுப்பான பட்டுத் துணி போதும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இட்லியைப் பிய்த்தோ, விரலால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்த காரட்டையோ தட்டில் போட்டு அவளே எடுத்துத் தின்ன விடுங்கள். தரை நாசமாகும், பரவாயில்லை. நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை மட்டும் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் கிலுகிலுப்பை, துணிப் புத்தகம், ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள், மரக்கட்டைகள். ஒன்றரை வயதில் இரண்டு மூன்று கட்டை அடுக்குபவள் இரண்டு வயதில் ஆறு வரை அடுக்குவாள். ஒரே செட் வருடக்கணக்கில் உழைக்கும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு இருக்கும் சி.எம்/எல் எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். ஐரோப்பியச் சந்தைக்கான சி.இ. முத்திரை மட்டும் இருந்தால் போதாது. பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், கர்நாடகத்தின் சன்னபட்னா மரப் பொம்மைகள் போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அவற்றில் சாயம் ஒட்டுகிறதா, மணி தளர்ந்து ஆடுகிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் 3.2 சென்டிமீட்டருக்கும் சிறிய எந்தத் துண்டும் கையில் கிடைக்கக் கூடாது. பட்டன் பேட்டரி பெட்டியை ஸ்க்ரூவால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து போகலாம்.

வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டு வருவதில்லை. படியில் உருளவும் அடுப்பருகே போகவும்தான் வழி செய்கிறது. கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. மாமியார் மனதில் இருப்பது நின்று தள்ளும் மர நடைவண்டியாக இருந்தால், குழந்தை தானாக எழுந்து நிற்கத் தொடங்கியதும் சமதளத்தில் கொடுக்கலாம்.

ஒரு வயதாகியும் விரலால் பொறுக்கவில்லை, அல்லது ஒன்றரை வயதுக்கு முன்பே எப்போதும் ஒரு கையைத்தான் நீட்டுகிறாள் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குப் பொம்மை வைத்தியம் கிடையாது.

கேள்வி: கடையில் வாங்கிய பொம்மையில் சாயம் உரிகிறது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டி மறுக்கிறார்கள். (ஒரு வாசகர், மதுரை)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உரிந்த இடத்தைப் படம் எடுத்து, பில்லைப் பத்திரப்படுத்தி, முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதுவரை பொம்மையைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள், ஆனால் தூக்கிப் போட்டும் விடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.