வீட்டு ஷாம்பூவில் எண்ணெய் எவ்வளவு விடலாம்?

யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிச் சுடுதண்ணியில் கரைத்து, ஷியா பட்டரும் (ஷியா மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) தேங்காயெண்ணெயும் தாராளமாக விட்டு ஷாம்பூ செய்தாராம். முழுகிக் காய்ந்த பிறகும் தலைமயிர் பிசுபிசுக்கிறது, சீப்புப் பல்லில் சாம்பல் நிறத்தில் அப்புகிறது, போத்தலும் கெட்ட மணம் மணக்கிறது. எண்ணெயைக் கூட்டுவதா, குறைப்பதா?

குறையுங்கள். ஆனால் எண்ணெயை மட்டும் குறைத்தால் போதாது, ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை, அந்தத் தண்ணியிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகித் தலையில் படிந்துவிடும். ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணியும் இன்னொன்றில் மழைத் தண்ணியும் எடுத்து, கொஞ்சம் சவர்க்காரத் துருவல் போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணியில் நுரை நிற்கும், கிணற்றுத் தண்ணி திரைந்த பால் மாதிரி ஆகும். சீப்பில் அப்புவதும் இதுதான். போதாக்குறைக்கு சவர்க்காரத்தின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9, 10 என்று இருக்கும். தலைத்தோலின் பிஎச் 5.5 அளவுதான்.

ஆகவே சவர்க்காரத்தை விட்டுவிட்டு டெசில் குளுக்கோசைட் என்ற மென்மையான நுரைப்பொருளுக்கு மாறுங்கள், அது கல்சியத்தோடு கசடு கட்டாது. 100 கிராம் ஷாம்பூவுக்கு அது 25 கிராம், கோகாமிடோபுரொபில் பீட்டெய்ன் என்ற துணை நுரைப்பொருள் 10, கிளிசரின் 3, எண்ணெயும் பட்டரும் சேர்த்தே 1 கிராம், மிச்சம் காய்ச்சி வடித்த தண்ணீர். பட்டரை உருக்கி முதலில் குளுக்கோசைட்டில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் தண்ணீரை விடவேண்டும், இல்லாவிட்டால் மேலே மிதக்கும். எண்ணெய் கூடினால் நுரை செத்துவிடும். குளுக்கோசைட் நல்ல காரமானது, அதனால் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் தாளில் 5 முதல் 5.5 வரை வரப் பாருங்கள்.

தண்ணீர் சேர்ந்த எதற்கும் கிருமி வளராமல் தடுக்கும் பதப்படுத்தி கட்டாயம் வேண்டும். விற்றமின் ஈ எண்ணெய் காறாமல் காக்குமே தவிர, கிருமியைத் தடுக்காது. பதப்படுத்தியாக ஃபீனொக்சி எதனோல் விடுவதென்றால் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மணக்கும் போத்தலைத் தயவுசெய்து இன்றே ஊற்றிவிடுங்கள்.

அப்போ ஆசையாய் வாங்கிய பட்டர்? அதையும் தேங்காயெண்ணெயையும் முழுகுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் மயிரில் தடவுங்கள், பலன் அங்கேதான். தேங்காயெண்ணெயின் லோரிக் அமிலம் மயிருக்குள் இறங்கிப் புரதம் கழுவுண்டு போவதைக் குறைக்கும். ஏற்கெனவே படிந்த கசடுக்கு, ஒரு லீற்றர் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி விட்டு அலசி, பிறகு நல்ல தண்ணியால் வடிவாகக் கழுவுங்கள். தேசிச்சாறு தோலில் இருக்க வெயிலில் போனால் கொப்புளிக்கும்.