பிளக் கேப்பைக் குறைத்ததும் பைக் கிளம்பிவிட்டது, ஆனால் சிக்னலில் அணைகிறதே?

கேள்வி: என் 100 சிசி பைக்குக்கு எட்டு வயது. காலையில் இருபது உதை உதைத்தால்தான் கிளம்பும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஹேக்ஸா பிளேடை வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தட்டி கேப்பை (பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை) குறைத்து மாட்டினார். இப்போது இரண்டாவது உதையிலேயே கிளம்புகிறது. ஆனால் சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்கி அணைந்துவிடுகிறது. இன்னொருவர், “இரிடியம் பிளக் போட்டுவிடுங்கள், கேப் தொல்லையே இல்லை” என்கிறார். கையேட்டில் கேப் 0.8–0.9 மி.மீ. என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: கையேட்டை. அந்த எண் உங்கள் கையேட்டில் இருப்பதே அதிர்ஷ்டம்தான். இப்போதெல்லாம் என் கைக்கு வரும் பல கையேடுகளில் ஹெல்மெட் எப்படிப் போடுவது என்று நாலு பக்கம் இருக்கும், பிளக் என்று வந்ததும் ‘சர்வீஸ் சென்டரை அணுகவும்’ என்று முடித்துவிடுவார்கள். ஒரு எண்ணை அச்சடிக்க என்ன கஷ்டமோ!

உங்கள் மெக்கானிக் ஏமாற்றவில்லை, ஆனால் நோயை மூடி மறைத்துவிட்டார். கேப் என்பது தீப்பொறி தாண்ட வேண்டிய வாய்க்கால். அகலம் கூடினால், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயில் (coil) அதிக வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். காயிலோ, வயரோ, வயர் முனையில் பிளக்கின் தலையில் மாட்டும் மூடியோ தளர்ந்திருந்தால் 0.8 மி.மீ. வாய்க்காலைத் தாண்டத் தெம்பு இருக்காது. வாய்க்காலைக் குறுக்கினால் தாண்டிவிடும், வண்டியும் கிளம்பிவிடும். ஆனால் பொறி சின்னதாகிவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் உலோகம் அதன் சூட்டை உறிஞ்சிக்கொள்ள, பெட்ரோல்-காற்றுக் கலவை ஒழுங்காகப் பற்றாமல் ஐடிலிங்கில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுகையில்) மிஸ் அடிக்கிறது. சிக்னலில் வரும் நடுக்கம் இதுதான். இப்படியே ஓட்டினால் பிளக்கில் கரியும் சீக்கிரம் பிடிக்கும்.

ஹேக்ஸா பிளேடு பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. அந்த பிளேடின் கனம் சுமார் 0.65 மி.மீ. பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பழைய தொடுமுனை) வைத்த பழைய எஞ்சின்களுக்கு ஏறக்குறைய அந்த அளவே போதும் என்பதால் அன்றைக்கு அது நல்ல குறுக்குவழி. எஞ்சின்கள் மாறிவிட்டன, பிளேடு மாறவில்லை.

இன்னொரு நாடகமும் உண்டு. பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் வைத்து உதைத்துக் காட்டுவார்கள். “பார்த்தீர்களா, நீலமாகப் பொறி வருது, காயில் நல்லா இருக்கு.” வெளியே திறந்த காற்றில் தளர்ந்த காயிலிலும் பொறி வந்துவிடும். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். வெளியே பொறி வரவில்லை என்றால் கோளாறு நிச்சயம். வந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பெட்ரோல் ஆவி பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, நீங்களே செய்யலாமா? செய்யலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போகும், அந்தச் செலவுக்கு இருபது பிளக் வாங்கலாம். கழற்றும் முன் சுற்றியுள்ள தூசியை ஊதிவிடுங்கள். அப்புறம் நடுக்கம்பியின் முனையைப் பாருங்கள். ஓரங்கள் கூர்மை போய் உருண்டிருந்தால் கேப் வைக்கும் வேலையே வேண்டாம், புது பிளக் போடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அதன் துகள் பீங்கான் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அளக்க, கம்பி வைத்த கேஜ் வாங்குங்கள். தகடு கேஜ் ஓடிய பிளக்கில் பொய் சொல்லும்: நடுக்கம்பிக்கு எதிரே வளைந்து நிற்கும் கொக்கியின் அடியில் குழி விழுந்திருக்கும், தகடு அந்தக் குழிக்கு மேலே பாலம் போல நின்றுவிடும். உங்களுக்கு 0.8 கம்பி லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், 0.9-க்கு மேற்பட்ட கம்பி போகக் கூடாது. அவ்வளவுதான். குறைக்க வேண்டுமென்றால் கொக்கியை மரக்கட்டையில் மெல்லத் தட்டுங்கள். கூட்ட வேண்டுமென்றால் கேஜிலேயே இருக்கும் வெட்டில் கொக்கியை மாட்டி நிமிர்த்துங்கள். ஸ்க்ரூடிரைவரை நடுக்கம்பியில் முட்டுக்கொடுத்து நெம்பவே கூடாது, உள்ளே பீங்கான் விரிசல் விடும், வெளியே தெரியாது.

மாட்டும்போது முதல் சில சுற்று விரலால் மட்டும். விரலில் நின்ற பிறகு, புது வாஷர் உள்ள பிளக் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்திவிடுங்கள். பழைய பிளக்குக்கு வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், சின்னத் திருகு போதும்.

இரிடியம் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள். பிளக் நல்லதுதான். நடுக்கம்பியின் நுனி அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்திருப்பதால் சற்றுக் குறைந்த வோல்டேஜிலேயே பொறி கிளம்பும். தேய்மானமும் மெதுவாகவே இருக்கும். ஆனால் ‘கேப் தொல்லை இல்லை’ என்பது பாதி உண்மை. ஒரே பிளக் பல எஞ்சின்களுக்குப் போகிறது, பெட்டிக்குள் கீழே விழுந்தும் வருகிறது. ஆகவே கம்பியை மெல்ல நுழைத்து ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அளவு தப்பியிருந்தால் கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். நீங்கள் தட்ட வேண்டாம். அந்த நுனி கடினமானது, ஆனால் நொறுங்கும். விளிம்பில் சரிந்துகொண்டே போகும் நாணய வடிவ கேஜை அதன்மேல் அழுத்தினால் போதும், முடிந்தது கதை. இதையெல்லாம் தாண்டி, சாதாரணக் கம்பியையே மெலிதாகக் கடைந்து இரிடியம் என்று விற்கும் போலிகளும் சந்தையில் உண்டு. வழக்கத்துக்கு மீறி மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். முக்கியமாக, உங்கள் வண்டியின் காயிலில் கோளாறு இருந்தால், இரிடியம் போட்டாலும் அது மறைந்துதான் இருக்கும், சரியாகாது.

கடையில் ‘இதே பிளக்தான், நம்பர் மட்டும் வேறு’ என்று நீட்டினால் வாங்காதீர்கள். என்.ஜி.கே. கம்பெனியில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும்), பாஷில் எண் கூடினால் சூடானது. இரண்டு கம்பெனியும் ஒரு முறையைப் பேசி வைத்துக்கொள்ள இத்தனை வருஷம் போதவில்லை போலும்.

உங்களுக்கு நான் சொல்வது: கையேட்டில் உள்ள அதே நம்பரில் சாதாரணப் புது பிளக், கேப் 0.8. போட்டுவிட்டு மறுநாள் காலை உதைத்துப் பாருங்கள். நன்றாகக் கிளம்பி ஐடிலிங்கிலும் அணையாமல் ஓடினால் கோளாறு பழைய பிளக்கில்தான். மறுபடி இருபது உதை என்றால் முதலில் பிளக்கின் தலையில் மாட்டும் மூடியை வயரிலிருந்து திருகிக் கழற்றி, வயர் முனை கறுத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். அதற்கும் மசியவில்லையா, காயிலை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். “அளக்கவெல்லாம் வேண்டாம் சார், மாற்றிவிடலாம்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விட வேண்டாம்.