ஏற்றத்தில் சூடேறும் பீட்டில்: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கண்டியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் தம்மிடமுள்ள 1966ஆம் ஆண்டு மாதிரி வோக்ஸ்வாகன் பீட்டில் 1300 பற்றிக் கேட்டிருக்கிறார். முந்தைய உரிமையாளர் அதில் இரட்டைத் துவார 1600 சிசி எஞ்சினைப் பொருத்தி, மின்னமைப்பையும் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது எஞ்சின் சோர்ந்துபோகிறது. மேலே போய் நிறுத்தினால் ஆயில் விளக்கு சிமிட்டுகிறது. இறக்கத்தின் வளைவுகளில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு விலகப் பார்க்கிறது. 94 மி.மீ. பிஸ்டன், இரட்டை வெபர் கார்புரேட்டர், பின்பக்கத்துக்குத் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஆகியவற்றை நண்பர்கள் பரிந்துரைக்கிறார்களாம். எதை முதலில் செய்வது என்பது அவருடைய கேள்வி.

94 மி.மீ. பிஸ்டன் வேண்டாம். பின் ஆன்டி-ரோல் பார் வேண்டவே வேண்டாம். கார்புரேட்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், இந்தக் காரில் இப்போது இருக்கும் சக்தியே வெப்பத்தில் வீணாகிறது. அதைச் சரிசெய்யாமல் சக்தியைக் கூட்டினால் வெப்பம்தான் கூடும்.

காற்றால் குளிரும் எஞ்சினில் ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லாததால், சிலிண்டர்களின் தகட்டுச் சிறகுகள் மேல் விசிறி தள்ளும் காற்றும், உள்ளே சுழலும் இரண்டரை லிட்டர் ஆயிலுமே வெப்பம் முழுவதையும் வெளியேற்றியாக வேண்டும். அந்த விசிறி எஞ்சினின் பெல்ட்டில் ஓடுகிறது. ஆகவே காற்றின் அளவு எஞ்சினின் சுற்று வேகத்தைப் பொறுத்தது, வெப்பத்தின் அளவோ நீங்கள் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டரோடு நிமிடத்துக்கு 2,000 சுற்றில் திணறி ஏறும்போது வெப்பம் உச்சத்திலும் காற்று மிகக் குறைவாகவும் இருக்கும். அதே ஏற்றத்தை இரண்டாம் கியரில் 3,000 சுற்றுக்கு மேல் வைத்து, மிதியைச் சற்றுத் தளர்த்தி ஏறினால், சத்தம் கூடினாலும் எஞ்சின் குளிர்ந்து ஓடும். செலவில்லாத முதல் சீர்திருத்தம் இதுதான்.

அடுத்து, விசிறிக்கூட்டைப் பாருங்கள். பழைய அமைப்பில் ஆயில் கூலர் கூட்டின் உள்ளேயே, இடப்பக்க சிலிண்டர்களுக்குப் போகும் காற்றின் பாதையில் நிற்கும். அதனால் மூன்றாம் சிலிண்டருக்குச் சேரும் காற்று ஏற்கெனவே சூடானது, அளவிலும் குறைந்தது. பீட்டில் எஞ்சின்களில் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு முதலில் பழுதாவதற்கு இதுவே பெயர்பெற்ற காரணம். 1971 மாதிரியிலிருந்து கூலரைக் கூட்டுக்கு வெளியே தள்ளி, அதற்குத் தனிக் காற்றுவழியும் அகலமான விசிறியும் கொடுத்தார்கள். எஞ்சின் மாற்றங்களில் புதிய எஞ்சினின் மேல் பழைய கூட்டையே மாட்டிவிடும் வழக்கம் உண்டு. உங்கள் கூட்டில், பின்னிருக்கைச் சுவரை நோக்கிய பக்கத்தில் தனிப்பெட்டி போல ஒரு புடைப்பு இல்லையென்றால், கூட்டையும் விசிறியையும் கூலர் தாங்கியையும் ஒரே தொகுப்பாகப் புதிய வகைக்கு மாற்றுங்கள். பிஸ்டனுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதி இங்கே போவது நல்லது.

கூட்டோடு சேர்ந்தவை எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் பட்டைகளும். விசிறி மேலேயிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிறது; சிலிண்டர்களைத் தாண்டிய சூடான காற்று கீழே வெளியேறுகிறது. இடையிலுள்ள தகட்டில் ஓட்டை இருந்தாலோ, எஞ்சின் அறையின் விளிம்பு ரப்பர் கிழிந்திருந்தாலோ, கீழே போன வெப்பம் மேலே ஏறி மறுபடி விசிறிக்குள் போகும். கார் நின்று ஓடும்போது இது இன்னும் மோசமாகும். சிலிண்டர்களின் அடியில் காற்றைச் சிறகுகளோடு ஒட்டி அணைத்துச் செல்லும் சிறு தகடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எஞ்சினைக் கழற்றி மாட்டும் இடங்களில் அவை காணாமல் போவது சகஜம். சிறிய கிராங்க் புல்லி போட்டால் சக்தி கூடும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்; அது விசிறியை மெதுவாக்கித்தான் அந்தச் சக்தியை மிச்சப்படுத்துகிறது, மலையேறும் காருக்கு ஆகாது.

இந்த எஞ்சினில் தொழிற்சாலை கொடுத்தது ஒரு கம்பிவலை மட்டுமே. ஆயில் பில்டர் கிடையாது. முழு ஓட்ட பில்டர் ஒன்றைச் சேர்ப்பதும், ஆயிலின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் வைப்பதும் பயனுள்ளவை. நீண்ட ஏற்றத்தில் 110 டிகிரி வரை கவலையில்லை. 120ஐத் தாண்டினால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் சற்று உயர்ந்த ஐட்லிங்கில் விடுங்கள், விசிறி ஓடட்டும். நிறுத்தியபின் விளக்கு சிமிட்டுவது சூட்டில் ஆயில் நீர்த்துவிட்டதற்கான அடையாளமாக இருக்கலாம். வெப்பம் அடங்கிய பிறகும் சிமிட்டினால் ஆயில் பம்ப்பையும் பேரிங் இடைவெளிகளையும் அளந்து பார்க்காமல் வேறெதையும் தொடக்கூடாது.

பற்றவைப்பு நேரத்தையும் இதே கட்டத்தில் சரிபார்க்க வேண்டும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. இருக்கட்டும். 3,000 சுற்றுக்கு மேல், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி விழும் மொத்த முன்னேற்றம் 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் சிலிண்டர் ஹெட்டின் வெப்பம் விரைவாக உயரும். கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் நுண்துளை) விஷயத்தில் உங்கள் மலைநாட்டுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு; இதுபோன்ற எந்த எஞ்சினும் ஏறத்தாழ அதே அளவில் சக்தி இழக்கும், கலவையும் பெட்ரோல் மிகுந்ததாக மாறும். அங்கே சோர்கிறதே என்று அங்கேயே சிறிய ஜெட் போட்டுச் சரிசெய்துவிட்டு கொழும்புக்கு இறங்கினால், கலவை நீர்த்து பிஸ்டன் எரிந்துபோகும். ஜெட்டைத் தாழ்நிலத்தில் சரிசெய்து, மேலே வரும் சிறு சோர்வைப் பொறுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இனி வளைவு. உங்கள் காரின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் வகை. சக்கரம் தன் ஆக்சிலோடு சேர்ந்து கியர்பாக்ஸ் அருகிலுள்ள ஒரே மூட்டைச் சுற்றி மேலும் கீழும் ஆடுவதால், பின்பக்கம் உயரும்போதெல்லாம் சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். வளைவில் வெளிச்சக்கரம் தரையை உந்தும் விசையே காரின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. அந்த நேரத்தில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் மேலும் எழும்ப, டயர் விளிம்பில் நின்று பிடிப்பை இழக்கிறது. இறக்கத்தில் உங்களுக்கு நேர்வது இதுவே. பின் ஆன்டி-ரோல் பார் சேர்த்தால் பின்பக்க எடையில் பெரும்பகுதி வெளிச்சக்கரத்தின் மேல் விழுந்து நிலைமை முற்றும்.

தேவையானது பின்பக்கம் தூக்குவதைத் தடுக்கும் ஒன்று: கியர்பாக்ஸுக்கு அடியில் குறுக்கே ஓடி இரு ஆக்சில் குழாய்களையும் தாங்கும் தகட்டு ஸ்பிரிங். கேம்பர் காம்பென்சேட்டர் என்று கேட்டால் கிடைக்கும். அதோடு முன்பக்கத்துக்கு 19 மி.மீ. தடிமனுள்ள ஆன்டி-ரோல் பார் பொருத்தினால், காரின் சாய்வைத் தாங்கும் வேலையில் பெரும்பகுதியை முன்பக்கம் ஏற்றுக்கொள்ளும். மூன்றாவதாக, பின்பக்கத்தைச் சற்றே இறக்கிச் சக்கரங்களுக்கு ஒன்று முதல் ஒன்றரை டிகிரி எதிர்க் கேம்பர் (மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வது) கொடுக்கலாம். பின் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டான டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் இருக்கின்றன. உள்ளே ஒரு பல் 9 டிகிரி, வெளியே ஒரு பல் 8.18 டிகிரி. ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திருப்பினால் ஒரு டிகிரிக்கும் குறைவான நுண்ணிய மாற்றம் கிடைக்கும்படி அந்தக் காலப் பொறியாளர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பொறுமையுள்ள மெக்கானிக் வேண்டும். வெளிமுனையை மட்டும் ஒரு பல் தள்ளி விடுபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள், அது மிக அதிகமாக இறங்கிவிடும்.

முன்பக்கத்தையும் அழகுக்காக இறக்க நினைத்தால், இரண்டு அங்குலத்தில் ஸ்டியரிங் நேர்கோட்டில் நிற்காமல் அலையத் தொடங்கும், முன் ஆக்சிலின் கீழ்பீமின் பின்னால் அதன் சாய்வைத் திருத்தும் காஸ்டர் ஷிம் என்ற மெல்லிய தகடு போட வேண்டிவரும். உங்கள் சாலைகளுக்கு முன்பக்கம் இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே தயாரிப்பு ரேடியல் டயர், முன்னால் 18, பின்னால் 27 பிஎஸ்ஐ காற்று என்று வையுங்கள். பெட்ரோல் நிலையங்களில் நான்கிலும் 30 அடித்துவிடுவார்கள். பீட்டிலின் வளைவுக் குறைகளில் பாதி அதிலிருந்து வருவதாகவே நான் நினைக்கிறேன்.

இரட்டை மூட்டுள்ள பிற்காலப் பின் ஆக்சிலுக்கு மாறுவது சிறந்த தீர்வுதான். ஆனால் அதற்குச் சட்டத்தில் தாங்கிகளை வெல்டு செய்து, கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டும். பாடியைச் சட்டத்திலிருந்து பிரிக்கும் பெரிய வேலை என்றாவது வந்தால் அப்போது யோசிக்கலாம்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் 1966 காரில் நான்கும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் கசிந்தால் முழுப் பிரேக்கும் போய்விடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவது எஞ்சின் வேலைக்கு முன்னால் முடிய வேண்டும். முன் டிஸ்க்கும் அப்படியே. 1967 மாதிரி ஆண்டிலேயே பீட்டில் 1500க்கு ஐரோப்பாவில் அது கொடுக்கப்பட்டது. வாங்கும்போது உங்கள் சக்கரம் 205 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட் கொண்டது என்பதைச் சொல்லி வாங்குங்கள். நான்கு போல்ட் டிஸ்க் பொருந்தாது.

இவ்வளவும் முடிந்தபின் எஞ்சின் இன்னும் போதவில்லை என்று தோன்றினால் 1776 சிசிக்குப் போகலாம்: 69 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) அப்படியே இருக்க, 85.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 90.5 ஆகும். இதற்கு எஞ்சின் கேஸையும் ஹெட்டையும் கடைந்தாக வேண்டும். கடைசல் இல்லாமல் நுழையும் 88 மி.மீ. சிலிண்டர்கள் சுவர் மெலிந்தவை, சூட்டில் வட்டம் குலைபவை. 94 மி.மீ. சிலிண்டர் 1,915 சிசி தரும். ஆனால் கேஸிலும் ஹெட்டிலும் அதிக உலோகம் வெட்டுப்படும், உங்கள் ஏற்றத்துக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

பெரிய போரில் பலர் மறப்பது அழுத்த விகிதம். 1776இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 444 கன செ.மீ. ஹெட்டின் அறை 50 கன செ.மீ., பிஸ்டன் உச்சியில் விளிம்புக்கு 1.2 மி.மீ. இடைவெளி என்று வைத்தால் அந்த இடைவெளியில் 7.7 கன செ.மீ. அடங்கும், விகிதம் 8.7க்கு வந்துவிடும். 92 ஆக்டேன் பெட்ரோலில், நீண்ட ஏற்றத்தில் அது எஞ்சினைத் தட்ட வைக்கும். ஹெட்டின் அறையை 56 கன செ.மீ. அளவுக்குத் திறந்தால் விகிதம் 8க்கு இறங்கும், அங்கேயே நிறுத்துங்கள். பட்டறையில் அறையை அளக்காமல் எஞ்சினை மூடவிடாதீர்கள்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டில் இங்கிள் டபிள்யூ 100 போன்ற மிதமான ஒன்று போதும். அதற்கு மேற்பட்டவை 4,000 சுற்றுக்கு அப்பால் பாயும், 2,500இல் தூங்கும். மலைச்சாலையில் நீங்கள் வாழ்வது பின்னதில். ஒற்றைத் துவார வெபர் 34 ஐசிடி இரண்டு இந்த எஞ்சினுக்குச் சரியாக இருக்கும், 40 ஐடிஎப் தேவையில்லை. கியர்பாக்ஸைத் தொடாதீர்கள்: 1300இன் 4.375 இறுதி விகிதம் ஏற்றத்துக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது, நெடுஞ்சாலையில் சற்று இரைவது மட்டுமே அதன் குறை.

புதிய கேம் ஷாப்டோடு எஞ்சினை முதல் முறை இயக்கும்போது ஐட்லிங்கில் விடாமல் 2,000 சுற்றில் 20 நிமிடம் ஓட்டி, அந்த ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய பின் வால்வு இடைவெளியை மறுபடி அளந்து, 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை பாருங்கள். அதுவரை றம்பொடைப் பக்கம் போகவேண்டாம்.