ஆன்-இயர் ஹெட்போனின் இயர் பேட் உரிந்துவிட்டது; மாற்றுப் பேட் எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வியில் சொல்லியிருப்பது இது: ஹெட்போனின் ரெக்சின் கருப்புச் செதில் செதிலாக உரிந்து காதில் ஒட்டுகிறது. பழைய பேடை ஸ்கேல் வைத்து அளந்தபோது 70 மி.மீ. வந்தது. அதே அளவில் வாங்கிய புதுப் பேட் தொளதொளவென்று கழன்று விழுகிறது.

அளந்ததில் தப்பில்லை, அளந்த இடம்தான் தப்பு. பேட் பழசாக ஆக, உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி ஓரமாகப் பிதுங்கிவிடும். 65 மி.மீ. தட்டில் மாட்டிய பேட் கொஞ்ச நாளில் 70 காட்டுவது சாதாரணம். பழைய பேடைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் தட்டை அளக்க வேண்டும்.

ஆனால் அளவுக்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும்: உங்கள் பேட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? நகத்தால் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். பேடின் பின்பக்கம் மெல்லிய ரெக்சின் மடிப்பு ஒன்று தட்டின் விளிம்பைச் சுற்றிப் போய்ப் பின்னால் உள்ள பள்ளத்துக்குள் செருகியிருந்தால், அது இழுத்து மாட்டும் வகை. டிஜேக்கள் 1988 முதல் தலையில் மாட்டித் திரியும் சென்ஹைசர் எச்டி 25 இந்த வகைதான். வெறும் ஸ்பாஞ்ச் உறையாக டிரைவர் (சத்தம் எழுப்பும் சிறு ஸ்பீக்கர்) மூடி முழுவதையும் கவிந்திருந்தால் அது ஃபோம் வகை. 1984-இல் வந்து இன்றும் விற்கும் கோஸ் போர்ட்டா ப்ரோ இதற்கு நல்ல உதாரணம். இந்த இரண்டு வகைக்கும் பொது அளவுப் பேட்கள் தாராளமாகக் கிடைக்கும், கவலை இல்லை.

அடுத்த இரண்டு வகைதான் தொல்லை. சில ஹெட்போனில் பேட் ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் ஒட்டியிருக்கும், வளையத்தின் கொக்கிகள் கப்பில் (டிரைவர் இருக்கும் கிண்ணத்தில்) 'டக்'கென்று விழும். இதற்கு அந்த மாடலுக்கென்றே செய்த பேட்தான் பொருந்தும். வளையம் இல்லாமல் விற்கும் பேடும் உண்டு, அதை வாங்கினால் பழைய வளையத்தை நீங்களே பிரித்தெடுத்து ஒட்ட வேண்டும். நிறையப் பேர் பழைய பேடோடு சேர்த்து வளையத்தையும் குப்பையில் போட்டுவிட்டுத்தான் இதைக் கவனிக்கிறார்கள். நான்காவது, நேராகக் கப்பிலேயே ஒட்டியது. பீட்ஸ் சோலோ 2, சோலோ 3 எல்லாம் இப்படி. இதற்கு வாங்கும்போது, பின்னால் டபுள் சைட் டேப் அந்த வடிவத்துக்கே வெட்டி ஒட்டி வருகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாமே டேப் வெட்டி ஒட்டினால் ஒரு பக்கம் இடைவெளி விட்டுப்போகும், அந்த இடைவெளி வழியாக பேஸ் (தாழ்ந்த, அதிரும் சத்தம்) போய்விடும்.

இப்போது அளவு. வெர்னியர் (தாடையால் கவ்வி அளக்கும் கருவி) இருந்தால் தட்டின் குறுக்களவை நேராக எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அரை செ.மீ. அகலத்தில் ஒரு காகிதத் துண்டு கிழித்து, தட்டின் விளிம்பைச் சுற்றி ஒட்டினாற்போல் பிடித்து, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் கோடு போடுங்கள். காகிதத்தை நீட்டி அளந்து 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு. 204 மி.மீ. வந்தால் 65, 220 வந்தால் 70. வட்டத்தின் நடுவைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து ஸ்கேல் வைப்பதைவிட இது துல்லியம்.

பொது அளவுப் பேட்கள் 5 மி.மீ. படியில் வருகின்றன: 50, 55, 60, 65, 70 என்று. உங்கள் தட்டு 67 என்றால், இழுத்து மாட்டும் வகைக்கு 65 எடுங்கள். மடிப்பு இரண்டு மூன்று மி.மீ. தாராளமாக இழுபடும். 60-ஐ எடுத்துப் பலவந்தமாக இழுத்தால் மாட்டிவிடலாம், ஆனால் பேடின் முகம் தட்டையாகி நடு ஓட்டை கோணிக்கொள்ளும், தையலும் சீக்கிரம் விட்டுப்போகும். பெரியதாக எடுப்பது எப்போதுமே வீண். ஃபோம் உறைக்கு இன்னும் இடம் கொடுக்கலாம். போர்ட்டா ப்ரோவுக்கு 5 செ.மீ. என்று விற்கும் ஃபோம் சரியாக உட்காரும், அதே உறை அந்த நிறுவனத்தின் கேஎஸ்சி 75-க்கும் ஆகும். ஒட்டும் வகைக்கு மட்டும் தட்டின் அளவேதான் வேண்டும், ஒரு மி.மீ. குறைந்தால் பரவாயில்லை, கூடக் கூடாது. மார்ஷல் மேஜர் மாதிரி சதுரமாக இருப்பவற்றுக்கு வட்டப் பேட் வாங்க நினைக்கவே வேண்டாம். மூலைகளில் இடைவெளி நிற்கும்.

எல்லோரும் கவனிக்காமல் விடுவது தடிமன். 'தடிமனாக இருந்தால் மெத்தென்று இருக்கும்' என்று நினைத்து வாங்குகிறார்கள். காதைச் சுற்றி உட்காரும் பெரிய ஹெட்போனுக்கு அது ஓரளவு சரி. ஆன்-இயர் காது மடலின் மேலேயே உட்காருவது. ஒரு பேட் 5 மி.மீ. தடித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஹெட்பேண்ட் 10 மி.மீ. கூடுதலாக விரிய வேண்டியிருக்கிறது. விரிந்த ஹெட்பேண்ட் அதே வேகத்தில் திரும்ப நெருக்கும், நெருக்குவது குருத்தெலும்பை. கண்ணாடி போடுபவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், காதுக்கும் கண்ணாடிக் கம்பிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தோல் ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும். அவர்களுக்குத் தேவை தடித்த பேட் இல்லை, மிருதுவான பேட். அதாவது அதே தடிமனில் மெமரி ஃபோம் வைத்தது. விரலால் அமுக்கிவிட்டு எடுத்தால் பள்ளம் மெல்ல மெல்ல நிரம்ப வேண்டும். சட்டென்று எகிறினால் அது சாதாரண ஸ்பாஞ்ச், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

சத்தமும் மாறும். பேட் என்பது காதுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கும் இடத்தை அளந்து வைக்கும் ஸ்பேசர். அது தடித்தால் டிரைவர் தள்ளிப்போகும். பேஸ் குறைந்ததுபோலவும், பாட்டு கொஞ்சம் தூரத்தில் பாடுவதுபோலவும் தோன்றும். அமுங்கிப்போன பழைய பேடில் நேர் எதிர். கிராடோ ஹெட்போன்களை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அதற்கு எஸ், எல், ஜி என்று மூன்று வித ஃபோம் உண்டு: எஸ் தட்டையாகக் காதோடு ஒட்டியது, எல் கிண்ணம்போல் குழிந்தது, ஜி அதைவிடப் பெரியது. ஒரே ஹெட்போனில் மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டினால் மூன்று ஹெட்போன் கேட்டமாதிரி இருக்கும். இதில் இன்னொரு பிரிவினர், சென்ஹைசர் 1968-இல் கொண்டுவந்த எச்டி 414-இன் மஞ்சள் ஸ்பாஞ்சை வாங்கி, நடுவில் அமெரிக்கக் குவார்ட்டர் நாணயம் அளவுக்கு, அதாவது 24 மி.மீ. சொச்சத்துக்கு, வட்டமாக ஓட்டை வெட்டி கிராடோவில் மாட்டுவார்கள். ஓட்டை வெட்டாவிட்டால் ட்ரெபிள் (உச்சத்தில் கேட்கும் கூர்மையான சத்தம்) மங்கிவிடும், அதற்குத்தான் அந்த நாணயக் கணக்கு.

அதனால் உங்கள் பழைய பேடில் ஆகக் குறைவாக அமுங்கிய ஓரம் எதுவென்று பார்த்து அதை அளந்து, 2 அல்லது 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் புதிதில் இருந்த தடிமனுக்குப் பக்கத்தில் வரும். ப்ளூடூத் ஹெட்போன் என்றால் இன்னும் கவனம் தேவை. உள்ளே இருக்கும் சிப், அசல் பேடை வைத்துச் சத்தத்தைச் சரிசெய்து வைத்திருக்கிறது. இரைச்சல் நீக்கும் வசதியும் இருந்தால் கப்புக்குள் காதைப் பார்த்து ஒரு மைக் இருக்கக்கூடும், பேட் சரியாக மூடாவிட்டால் 'ஊ...' என்று ஊளையிடும். அந்த மாதிரி செட்டுக்குத் துணிப் பேட் போட்டுச் சோதனை செய்ய வேண்டாம்.

பொருள் விஷயத்தில் என் அபிப்பிராயம் சுருக்கமானது. வெளிப்பக்கம் அடைத்த மூடிய கப் என்றால் ரெக்சின் அல்லது தோல், வெளிப்பக்கம் ஓட்டை விட்ட திறந்த கப் என்றால் ஃபோம். வெல்வெட் போன்ற வெலோர் துணி வியர்க்காது, காதுக்கு இதம், ஆனால் அதன் வழியாகக் காற்று கசியும்; மூடிய கப்பில் அதைப் போட்டால் கீழ் பேஸ் தண்ணீராகிவிடும். பேச்சு, வகுப்பு, மீட்டிங் மட்டும் கேட்பவருக்கு அது ஒரு குறையே இல்லை, தாராளமாக வெலோர் போடலாம். 'புரோட்டீன் லெதர்' என்று பெரிதாக எழுதி விற்பது, பாலியூரித்தேன் பூச்சில் புரதத் தூள் கலந்தது, அவ்வளவுதான். தொட்டால் மெத்தென்று இருக்கும். உரிவது அதுவும் உரியும்.

ஏன் உரிகிறது என்றால், பாலியூரித்தேனைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல அறுத்துவிடுகிறது. வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் வேகம். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரிக் கடல் காற்று அடிக்கும் ஊரில் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும் உரியும். எனவே 'மலிவாகக் கிடைக்கிறதே' என்று மூன்று ஜோடி வாங்கி அடுக்காதீர்கள், மூன்றாவது ஜோடி கவரைப் பிரிக்கும்போதே பிசுபிசுக்கலாம். ஆட்டுத்தோல் பேட் இப்படிச் செதிலாக உரியாது. துடைக்காமல் விட்டால் மட்டும் விறைத்துப்போகும்.

கழற்றும்போது கப் தரையைப் பார்க்க இருக்கட்டும். அண்ணாந்து வைத்துக்கொண்டு பிய்த்தால் செதில் எல்லாம் டிரைவர் ஓட்டைக்குள் போகும், பிறகு ஒவ்வொரு பேஸுக்கும் 'கிர்ர்' என்று அதிரும். ஒரு தலைமுடி போனாலே போதும், அந்தச் சத்தம் வரும். விழுந்துவிட்டால் வாயால் ஊதவோ வாக்குவம் வைக்கவோ கூடாது. டிரைவருக்குள் அதிரும் சவ்வான டயஃப்ரம் காகிதத்தைவிட மெல்லியது, உள்வாங்கிவிடும். ஒட்டும் டேப்பை விரலில் சுற்றி மேலே ஒற்றி எடுங்கள். நெம்ப வேண்டியிருந்தால் பழைய ஏடிஎம் கார்டு, கிட்டார் பிக் மாதிரிப் பிளாஸ்டிக்கையே பயன்படுத்துங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் டிரைவரின் காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் கையை மீறிப் பாய்ந்து டயஃப்ரத்தைக் குத்திவிடும்.

ஒட்டிய பேடுக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு கை தள்ளி, அரை நிமிடம் காட்டினால் பசை இளகும். ப்ளூடூத் செட்டில் ஏதோ ஒரு கப்பில் லித்தியம் பேட்டரி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கையில் தொட முடியாத சூடு ஆகாது. மிச்சப் பசையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் தேய்த்து எடுக்கலாம், ஓரத்தில் மட்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

பழைய பேடுக்கு அடியில் மெல்லிய துணி வட்டமோ ஸ்பாஞ்ச் வட்டமோ இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். தூசியைத் தடுப்பது அது, ட்ரெபிளின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்குவதும் அது. புதுப் பேடிலேயே துணி தைத்து வந்தால் இரண்டும் சேர்ந்து சத்தத்தை மூடிவிடும், ஒன்றை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரிந்தால் அவை பேஸுக்காக விட்ட காற்று வழி. டேப் அவற்றின் மேல் வரக் கூடாது.

இழுத்து மாட்டும் பேடை மாட்டும் விதம்: தையல் இணைப்பைக் கீழ்ப்பக்கம் வைத்து, மடிப்பை அங்கே பள்ளத்தில் செருகிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்டின் மூலையால் மடிப்பை உள்ளே தள்ளிக்கொண்டு போக வேண்டும். முக்கால் சுற்று சுலபமாகப் போகும், கடைசிக் கால் சுற்றில்தான் எல்லோரும் பொறுமை இழந்து கிழிக்கிறார்கள். அந்த இடத்தில் மடிப்பை இழுக்காதீர்கள். ஏற்கெனவே செருகிய பகுதியைப் பிடித்துப் பேடை அப்படியே திருகுங்கள், மிச்ச மடிப்பு தானாக ஏறிவிடும். பேட் இறுகிக் கிடந்தால் ஐந்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு மாட்டலாம். ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூ பக்கம் போகவே வேண்டாம். அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளை பூக்கும், டயஃப்ரத்தில் பட்டால் கதை முடிந்தது.

மாட்டியதும் பேஸ் அதிகம் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு கப்பையும் விரல் நுனியால் லேசாக அமுக்குங்கள். அமுக்கும்போது பேஸ் சட்டென்று பெருகினால் காற்று எங்கோ கசிகிறது. மடிப்பு ஓர் இடத்தில் வெளியே நிற்கும், அல்லது பேட் தலைக்கு வளையாத அளவு விறைப்பாக இருக்கிறது. ஒரு காதில் மட்டும் குறைவாகக் கேட்டால் ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். குறை அதே கப்போடு போனால் அந்தப் பேடைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், அதே காதில் நின்றால் உங்கள் காதின் வடிவம்தான் காரணம். புதுப் பேடை அமுக்கும்போது 'கரக்'கென்று ஒரு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், காற்று போக வழியில்லாமல் டயஃப்ரம் நெளிகிறது. மெதுவாக மாட்டிக் கழற்றினால் வராது.

உங்கள் 70 மி.மீ. பேடைத் திருப்பி அனுப்ப முடியாது என்றால், தட்டின் விளிம்பைச் சுற்றி மின்சார வேலைக்குப் பயன்படுத்தும் கருப்பு டேப்பை மூன்று நான்கு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு மி.மீ. தளர்ச்சியை அது சரிக்கட்டும். அதற்கு மேல் இருந்தால் 65 வாங்கிவிடுங்கள்.