12 வருடக் கார் பெட்ரோலைக் குடிக்கிறது, எதை முதலில் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இதுதான்: 1.6 லிட்டர் ஆட்டோ கார், சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) 5 வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. முன்பு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடியது இப்போது 9தான் ஓடுகிறது, பிக்கப்பும் போய்விட்டது. இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள், பிரிக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பழைய காரில் மைலேஜ் இப்படி விழுந்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ஏதோ ஒன்று சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது, அல்லது இன்ஜினின் கணினிக்குத் தப்பான தகவல் போகிறது. இரண்டுமே இன்ஜினைப் பிரிக்காமல் சரிசெய்யக்கூடியவை.

செலவுக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், 12 கிலோமீட்டர் கணக்கில் 1,250 லிட்டர், 9 கணக்கில் 1,667 லிட்டர். லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தால் வித்தியாசம் வருடத்துக்குச் சுமார் 1,250 வெள்ளி. 5 வருடப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது, முடிந்ததும் வண்டியைக் கழித்துவிட வேண்டியதுதான். அதனால் எந்த ரிப்பேருக்குக் காசு கொடுத்தாலும் அது மீதமுள்ள வருடங்களுக்குள் திரும்பி வருமா என்று பாருங்கள். 10 வருடம் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும் கூடுதல் வரியை எந்த மெக்கானிக்காலும் குறைக்க முடியாது. பெட்ரோலைத்தான் குறைக்க முடியும்.

அடுத்தது, 9 என்ற எண் உண்மைதானா? டேஷ்போர்டு காட்டுவதை நம்ப வேண்டாம். பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். அடுத்த முறை அதே நிலையத்தில் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று டேங்குக்கு இப்படிச் செய்தால்தான் தெளிவு வரும். ஜொகூர் போய்வந்த டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிங்கப்பூர்க் கார் முக்கால் டேங்க் பெட்ரோலோடுதான் எல்லையைத் தாண்ட வேண்டும் என்ற விதிக்காக நடுவில் கொஞ்சம் ஊற்றியிருப்பீர்கள், அப்புறம் கடற்பாலத்து நெரிசலில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு நகராமல் நின்றிருப்பீர்கள். அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் ஓட்டம் மாறியிருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் விட்டுவர மட்டும் எடுக்கிற வண்டியில் இன்ஜின் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும். 90 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய இன்ஜினுக்கு நம் ஊர் 30 டிகிரியும் குளிர்தான்.

எண் உண்மை என்று தெரிந்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். பிரேக் பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு ஸ்லைட் பின்கள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறை வெடித்தால் நம் மழைத்தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும், பின் துருப்பிடித்து இறுகும். அதன்பின் பெடலை விட்டாலும் பேட் டிஸ்க்கை முழுதாக விடாது. ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது, வண்டி கொஞ்சம் சோம்பலாக இருப்பதுபோல் மட்டும் படும். சோதனை சுலபம். விரைவுச்சாலையில் ஓட்டிவிட்டு, கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்துங்கள். நான்கு ரிம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும், பின் சக்கரங்களும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் அடுப்படி போல அனல் அடித்தால் திருடன் அங்கேதான். வொர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கியதும் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடச் சொல்லுங்கள். பேட் லேசாக உரசுவது சகஜம், ஆனால் அரைச்சுற்றில் நின்றால் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸைத் தடவி, புது உறை போட வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருந்தாலும் பின் சக்கரத்தில் இதே கதைதான்.

இரண்டாவது, பலரும் மறப்பது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. வெப்ப நாட்டில் இது எதற்கு என்று கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. வண்டி ‘ஓவர்ஹீட்’ ஆகாது என்பார்கள். ஆனால் அது இல்லாவிட்டாலோ, திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலோ இன்ஜின் தன் சூட்டுக்கு வராது. இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். பல ஆட்டோ கியர்பாக்ஸ்களில் சூடு ஏறும்வரை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் பூட்டும் டார்க் கன்வர்ட்டர் லாக்கும் விழாது. அதனால் பிஐஇ விரைவுச்சாலையில் 80, 90 வேகத்தில் ஒரே சீராகப் போகும்போதும் ஆர்பிஎம் வழக்கத்தைவிடச் சில நூறு மேலே நிற்கும். டேஷ்போர்டு முள் எல்லாம் சரி என்று காட்டும், அது துல்லியமான கருவி இல்லை. சிலருடைய காரில் முள்ளே கிடையாது, நீல விளக்கு மட்டும்தான்.

அதனால்தான் காரின் கணினியில் உள்ள எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கச் சொல்வேன். ஸ்டீயரிங்கின் கீழே செருகி, புளூடூத்தில் போனோடு இணைக்கும் சின்னப் பொருள், விலையும் அதிகமில்லை. இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கூலன்ட் வெப்பநிலை: பல கார்களில் 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்கும். 70ஐத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம். இன்னொன்று லாங் டேர்ம் ஃபியூவல் டிரிம், அதாவது கணினி வழக்கமான அளவைவிடப் பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண். பூஜ்யத்துக்கு இரு பக்கமும் 5, 6 வரை இருந்தால் கவலை இல்லை. 10க்கு மேல் கூட்டலில் இருந்தால் எங்கோ வேக்குவம் குழாய் கீறி அளக்கப்படாத காற்று புகுகிறது, அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கிறது. அந்த சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால்தான் சுத்தம் செய்ய வேண்டும், பிரேக் கிளீனரை அடித்தால் சென்சாரே போய்விடும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் முற்றிலும் பழுதான கார்களில் அதை மாற்றியதும் மைலேஜ் 40 விழுக்காடு வரைகூடத் திரும்பியதாக அமெரிக்க எரிசக்தித் துறையின் குறிப்பு உண்டு. எல்லாருக்கும் அவ்வளவு கிடைக்காது, ஆனால் உங்கள் சரிவு 25 விழுக்காடு என்பதால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 10 வருடத்துக்குப் பிறகு பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை ஆகிவிடுவதால், புகைச் சோதனையின் எண்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு கூடியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று அர்த்தம்.

பிக்கப்புக்கு, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். சாதாரண பிளக் 30,000 கிலோமீட்டர் வாக்கில் தேயும், இரிடியம் 1 லட்சம் வரை தாங்கும். ‘போன முறைதான் மாற்றினோம்’ என்று சொன்னால் எந்த வகை போட்டார்கள் என்று கேளுங்கள். இன்ஜினுக்குள் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் துடைக்கச் சொல்லுங்கள், ஐட்லிங் சீராகும். ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது, மாற்றினால் மைலேஜ் கூடும் என்று. கார்புரேட்டர் காலத்தில் சரி. இன்ஜெக்‌ஷன் காரில் காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடும், இழுவை மட்டும்தான் குறையும். இழுவைக்காகவே மாற்றுங்கள், விலை மலிவு.

டயர் காற்று, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு. மாதம் ஒருமுறை, டயர் சூடாகும் முன்.

ஆயில் விஷயத்தில் ‘பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்’ என்று 20டபிள்யூ-50ஐத் தலையில் கட்டுவார்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 என்றிருந்து, இன்ஜின் ஆயில் குடிக்கவில்லை என்றால் அதையே ஊற்றுங்கள். பெட்ரோலும் அப்படித்தான். ஆக்டேன் 92 போதும் என்று கையேடு சொன்னால் 98 ஊற்றி எதுவும் கிடைக்காது. 2021 பிப்ரவரியிலிருந்து 98க்கு லிட்டருக்கு 79 காசு வரி, 92க்கும் 95க்கும் 66 காசு. தேவையில்லாத ஆக்டேனுக்கு வரியும் சேர்த்துக் கட்டுவானேன்? சிகரெட் லைட்டரில் செருகும் ‘பெட்ரோல் சேவர்’ பக்கமே போகாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்துவிட்டது, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுகூடத் தேறவில்லை.

வொர்க்‌ஷாப்புகள் நிறைந்த காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, எங்கே போனாலும் ‘மைலேஜ் குறைந்துவிட்டது, பார்த்துச் செய்யுங்கள் பாஸ்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பில் நீளும். ‘இடது முன் சக்கரம் சூடாகிறது’, ‘கூலன்ட் 68ஐத் தாண்டவில்லை’ என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை, அப்புறம் ஒரு டேங்க் ஓட்டி அளந்துவிட்டு அடுத்தது. நாலைந்தை ஒரே நாளில் செய்தால் எதற்குக் கொடுத்த காசு பலித்தது என்றே தெரியாது.

இத்தனைக்கும் பிறகு மைலேஜ் எண் ஏறவில்லை என்றால் மட்டும், ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். பிளக்குகளைக் கழற்றிச் செய்வது, சீக்கிரம் முடிந்துவிடும். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, கையேடு சொல்லும் அளவுக்குள் இருந்தால் பிரிக்கச் சொன்னவரிடம் திரும்பப் போக வேண்டாம். ஒரு சிலிண்டர் மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, 5 வருட சிஓஇக்காக அதை மாற்றிக் காசு எடுக்க முடியாது, ஆயில் அளவைப் பார்த்துப் பார்த்து ஊற்றி ஓட்டுங்கள். ஏறவில்லை என்றால் வால்வு பக்கம்தான் கோளாறு, அப்போது விலை கேட்டுப் பார்க்கலாம்.